கூரை பிரியாத காடு

மலை என்ற ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. யாழ்ப்பாணத்தின் வடகரையில் பிறந்தவனுக்கு நிலம் என்றால் தட்டை. பனைக்கு மேலே வானம், வெளிக்கு அப்பால் கடல், அவ்வளவுதான். பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் நீலக்கறுப்பாக ஏதோ திரண்டு வந்தது. "மளை வரப்போகுது போலை," என்றேன், பக்கத்திலிருந்தவரிடம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நான் காட்டிய திசையைப் பார்த்தார். "மலை எங்க வரும்? அது அங்கதான நிக்கு."

"மலையில்லை ஐயா, மளை. வானத்திலையிருந்து பெய்யிறது."

"அது மழை." நாக்கை நன்றாக மடித்து, அந்த ழகரத்தை என் முன்னால் எடுத்து வைத்தார். "நீரு காட்டுகது மலையாக்கும். பெய்யாது. பயப்படாம இரியும்."

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கண்ணை அங்கிருந்து எடுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பெரியது என்றால் கடல் ஒன்றுதான். அது ஒரு கணம் சும்மா இருக்காது. இத்தனை பெரிய ஒன்று அசையாமல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான் அக்கரைக்கு வந்தது மரத்துக்காக. எங்கள் பட்டறையில் ஒரு பாய்க்கப்பல் விலா எலும்புகளோடு நின்றுகொண்டிருந்தது. உடம்புக்குப் போர்த்தப் பலகை இல்லை. என் மச்சான்தான் பட்டறையின் தலை. "அயினி மரமாப் பார். கணு இருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம்," என்று சொல்லி அனுப்பியிருந்தான். அயினியை இந்தப் பக்கத்தில் அயனி என்கிறார்கள். பலாவுக்குத் தம்பி முறை. முள்ளுமுள்ளாகச் சின்னச் சின்னப் பழம் காய்க்கும். அதன் பலகை உப்புத்தண்ணீருக்கு அசையாது.

நாகர்கோவிலில் மரக்கடையைத் தடிக்கடை என்கிறார்கள். நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எங்கும் இளந்தடி, கோணல் தடி, அரையடிக்கு ஒரு கணு. பலகையில் கணு இருந்த இடம் வெயிலில் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் கழன்றுவிடும், கழன்ற ஓட்டையைக் கடல் தேடி வரும். இது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது.

கடைசிக் கடைக்காரர் கையை விரித்தார். "நீங்க வந்த நேரம் சரியில்ல. கொரியாவுல சண்ட நடக்குல்லா? ரப்பர் வெல ஏறிக் கெடக்கு. மலை வச்சிருக்கவன் எல்லாரும் காட்ட மொட்டையடிச்சு ரப்பர் வைக்கப் போறான். காண்ட்ராக்டர்மாரு மலைய மலையாட்டே வாங்குகாவ. ஒத்த மரம் எவன் விப்பான்?"

"நான் விப்பேன்," என்றது ஒரு குரல்.

வாசலில் ஒருவர் நின்றார். காக்கி அரைக்கால்சட்டை, நரைக்கத் தொடங்கிய மீசை, கக்கத்தில் பெரிய குடை. கடைக்காரர் அவரைக் கண்டதும் கணக்குப் பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர் பெயர் ஞானமுத்து. டேராடூனில் படித்து, சர்க்கார் காட்டில் ரேஞ்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவர். திற்பரப்புக்குப் பக்கத்தில் தாய்வழியாக வந்த காடு ஒன்று அவருக்கு இருந்தது. அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்வது பாதி வேலை. சுற்றுவட்டாரத்தில் சொந்தக் காடு வைத்திருப்பவர்களிடமெல்லாம் போய், மொத்தமாக வெட்டாதீர்கள் என்று மன்றாடுவது மீதி வேலை. அந்த மீதியால்தான் அவர் குடையைத் தூரத்தில் கண்டாலே ஆட்கள் சந்து திரும்பிவிடுகிறார்கள் என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

"உமக்கு வேண்டிய மரம் எனக்க காட்டுல நிக்கு," என்றார் ஞானமுத்து. "ஆனா அதுக்கு முந்தி நாளைக்கு எங்கூட கருங்கல் சந்தைக்கு வரணும். எனக்க பேச்சக் கேட்டுக் கேட்டு இவனுவளுக்கு மடுத்துப் போச்சு. நீரு சொன்னா கேப்பானுவ."

"நான் என்னத்தைச் சொல்லிறது? எனக்குக் காட்டைப் பற்றி ஒண்டும் தெரியாதே."

"கப்பலப் பத்தித் தெரியும்லா? அது போரும்."

மறுநாள் கருங்கலுக்குப் போன பஸ், யுத்தகாலத்துக் கரிப்பஸ். பின்பக்கம் ஒரு அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடுவது. கண்டக்டர் எல்லோரிடமும் டிக்கெட் காசை வாங்கி முடித்த பிறகு, சரியாக ஒரு ஏற்றத்தின் அடியில் அது மூச்சை விட்டது. "ஆம்பளைய ஒக்க எறங்கித் தள்ளணும்," என்றார் கண்டக்டர், கோயிலில் பிரசாதம் கொடுப்பவரின் நிதானத்தோடு. தள்ளினோம். எனக்கு அந்தப் பக்கம் தோள் கொடுத்தவர், "நம்ம தாலுக்காவெல்லாம் மெட்ராஸோட சேந்தா இந்தக் கஷ்டம் இருக்காது," என்றார். இந்தப் பக்கம் தள்ளியவர், "ஏலே, மெட்ராஸ்காரன் வந்தா ஏத்தத்த எறக்கமாக்குவானா? தள்ளுலே," என்றார்.

சந்தையில் என் மூக்குதான் முதலில் திக்குமுக்காடியது. நல்லமிளகு, இஞ்சி, கருவாடு, கருப்பட்டி, ஈரச் சாக்கு. ஒரு ஓலைக்கீற்றின் கீழ் மரச்சீனிக் கிழங்கு வாங்கித் தந்தார் ஞானமுத்து. எங்கள் மரவள்ளிதான். நாங்கள் அவித்து ஒரு சம்பலோடு முடித்துவிடுவோம். இவர்கள் தேங்காயும் மிளகாயும் அரைத்துப் போட்டு, அகப்பையால் குத்திக் குழைத்து, மேலே சாளைமீன் குழம்பை ஊற்றுகிறார்கள். இதற்கு 'மயக்குகது' என்று பெயர். மயங்கினேன். இரண்டாவது இலை கேட்டேன்.

பிறகுதான் வேலை தொடங்கியது. ஞானமுத்து குடையை ஊன்றிக்கொண்டு முன்னே நடக்க, சந்தைக்கு மிளகு கொண்டுவந்திருந்த மலைக்காரர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். ஒருவர் வாழைத்தார்களுக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டார். மறையாமல் நின்றவர்கள் இரண்டே பேர், அண்ணனும் தங்கையும். அண்ணன் பொன்னையன், அகன்ற தோள், உரத்த பேச்சு. தங்கை தாயம்மை, பேசுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிற பெண். திற்பரப்புக்கு மேலே ஒரு மலைச்சரிவை அவர்கள் அப்பன் இருவர் பேரிலும் எழுதிவைத்துப் போயிருந்தார்.

"ஓய் ரேஞ்சரே, வாயத் தொறக்காதேயும்," என்றார் பொன்னையன். "நான் மலையக் குடுத்தாச்சு. வாற திங்களாச்ச கோடாலி ஏறும்."

"மக்கா, ஒரே ஒரு காரியம் கேளு. வீட்டுக் கூரையில ஓடு ஒடைஞ்சா என்ன செய்வே? அந்த ஓட்ட மட்டும் மாத்துவே. கூரையப் பிரிப்பியா? காட்டுக்கும் அப்படித்தான். வெளைஞ்ச மரத்த அங்கொண்ணு இங்கொண்ணா எடு. கூரை பிரியாண்டாம். வெயிலு தரையில விழப்பிடாது. மண்ணு நிக்கும், ஊத்து நிக்கும், கீழ கெடக்க மரக்கண்ணு வளந்து வரும், உனக்க பேரனும் வெட்டலாம்."

"கொள்ளாம், கேக்கதுக்குக் கொள்ளாம்," என்றார் பொன்னையன். "ஒரு மலை மரத்த வாங்க நூறு பேரு வருவான். ஒத்த மரத்த வாங்க எவன் வருவான்? அதச் சொல்லும்."

ஞானமுத்து குடையின் முனையால் என்னைக் காட்டினார். "இன்னா நிக்காரு."

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வாழைத்தாருக்குப் பின்னாலிருந்தவரும் எழுந்து எட்டிப் பார்த்தார். கூட்டத்தின் முன் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கப்பலைப் பற்றிப் பேசச் சொன்னால் எங்கள் கரையில் யாருக்கும் பேச்சு நிற்காது.

"எங்களுக்கு மலை வேண்டாம் பாருங்கோ," என்றேன். "ஒரு கப்பலுக்குச் சில மரம் போதும். ஆனால் அது கிழட்டு மரமா இருக்கவேணும். வெட்டவெளியிலை நிண்ட மரம் நாலு பக்கமும் கொப்பு விடும்; கொப்பு நிண்ட இடமெல்லாம் கணு; கணுவுக்குள்ளாலை கடல் வரும். நெருக்கத்துக்குள்ளை, நிழலுக்குள்ளை, வெளிச்சம் தேடி மேலை மேலை போன மரம்தான் எங்கட மரம். நேரா இருக்கும், கணு இராது. நீங்கள் மலையை மொட்டை அடிச்சுப்போட்டியள் எண்டால் அப்பிடி ஒரு மரம் பிறகு எங்கட காலத்திலை வராது. எங்கட கரையிலை ஒவ்வொரு வருசமும் கப்பல் கட்டுறம். ஒவ்வொரு வருசமும் வருவம். பொய் பறையேல்லை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "பறையுதாருவே! இவரும் பறையுதாரு!" பேசுவதற்குத் தாங்கள் சொல்கிற அதே சொல்லைக் கடல் தாண்டி வந்தவன் வாயில் கேட்டது அவர்களுக்கு ஒரு சொந்தக்காரனைக் கண்டதுபோல் ஆகிவிட்டது. ஒரு கிழவர் என் கையைப் பிடித்து ஒரு மட்டி வாழைப்பழத்தை வைத்தார்.

பொன்னையன் சிரிக்கவில்லை. "பேச்சு பேச்சாட்டு இருக்கட்டும். வெட்டினதுக்குப் பொறவும் காடாட்டு நிக்க ஒரு காட்ட எனக்குக் காட்டும். கண்ணால கண்டா நான் யோசிப்பேன்."

"நாளைக்கே வா," என்றார் ஞானமுத்து.

"நானும் வாறேன்," என்றாள் தாயம்மை. அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

மறுநாள் காலையில் நான் முதன்முதலாக ஒரு ஆற்றின் கரையில் நின்றேன். எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. தண்ணீர் கிணற்றுக்குள் இருக்கும். துலாக்கட்டி இறைத்தால் வரும். இங்கே கோதையாறு யாரும் இறைக்காமல், யாரையும் கேட்காமல், பாறைகளைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. இத்தனை நல்ல தண்ணீர் இப்படிப் போகிறதே, யாராவது பிடித்து வைக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டேன். அதைக் கேட்டு ஞானமுத்து நின்று நின்று சிரித்தார்.

கடக்க ஒரு வள்ளம் இருந்தது, ஒரே மரத்தைக் குடைந்தது. ஏறி உட்கார்ந்தோம். நடு ஆற்றில் இழுப்பு பிடித்து வள்ளம் பக்கவாட்டில் திரும்பி ஒரு பாறையில் இடித்தது. நான் இரண்டு கையாலும் பொன்னையனின் தோளைக் கட்டிக்கொண்டேன். ஞானமுத்துவின் குடை நழுவி விழுந்து, விரிந்து, ஒரு கறுத்த ஆமைபோலச் சுழன்று சுழன்று அருவிப் பக்கம் போய்விட்டது.

"கடல்காரரு ஆத்துக்குப் பயப்படுகாரே!" என்று வள்ளக்காரன் கூவினான்.

"கடல் எங்கையும் போகாது தம்பி. இது எங்கையோ போகுதே!" என்றேன். தாயம்மை வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பொன்னையன்கூடச் சிரித்துவிட்டார். ஞானமுத்து மட்டும் குடை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் குடை இல்லாத அவரைக் கண்டு அன்றைக்கு யாரும் ஓடவில்லை.

அக்கரையில் ஏறிக் கொஞ்ச தூரம் நடந்ததும் காடு எங்களை மூடிக்கொண்டது.

அதை எப்படிச் சொல்வது? எங்கள் பனங்கூடலில் நிழல் கோடு கோடாக விழும். காற்று வந்தால் ஓலை கலகலக்கும். இங்கே நிழல் ஒரு குளம்போல் தேங்கி நின்றது. தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் ஒரு பச்சை. அதற்குக் கீழே இன்னொரு பச்சை. அதற்கும் கீழே தோளுயரத்தில், முழங்காலுயரத்தில், விரலுயரத்தில் என்று எல்லா வயதும் ஒரு வீட்டில் இருப்பதுபோல ஒன்றின் மடியில் ஒன்று நின்றன. மழை பெய்யாமலே எங்கோ சொட்டியது. மண் கால் வைத்த இடத்தில் தலையணைபோல் அமுங்கியது. கோடையின் நடுவில் ஒரு ஊற்று பாறையிடுக்கில் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. எல்லோருமே தாழ்த்திக்கொண்டோம்.

வெகுநேரம் ஏறினோம். பொன்னையன் பொறுமையிழந்தார். "கன்னிக்காட்ட எல்லாம் காட்டினது போரும். வெட்டின எடத்தக் காட்டும்."

ஞானமுத்து நடந்துகொண்டே இருந்தார். அதே நேரத்தில் தாயம்மையின் கால் எதிலோ இடறியது. குனிந்து பெரணித் தழையை விலக்கினாள். பாசி படர்ந்த ஒரு அடிமரக்குற்றி, ஒரு கட்டில் அகலத்துக்கு. அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். இன்னும் சில எட்டு நடந்து இன்னொரு தழையை விலக்கினாள். அங்கேயும் ஒன்று. ஊற்றுக்குப் பக்கத்தில் ஒன்று. நான் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்த மேடும் ஒன்றுதான்.

"அண்ணா," என்றாள் மெதுவாக. "நாம ஆத்தங்கரையிலயிருந்தே வெட்டின எடத்துலதான் நடந்து வாறோம்."

"எனக்க அம்மைக்க அப்பன் வெட்டினாரு, அம்மை வெட்டினா, நான் வருசாவருசம் வெட்டுகேன்," என்றார் ஞானமுத்து. "எனக்க பிள்ளையளப் படிக்க வச்சது இந்தக் காடாக்கும்."

பொன்னையன் ஒரு குற்றியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் எளிதில் விடுகிற ஆளில்லை. "செரி, வெட்டிக் காட்டும். பெரிய மரம் விழும்போ கீழ நிக்கது ஒக்கச் சதஞ்சு போவும். அத நான் பாக்கணும்."

அவர் அப்படிக் கேட்டதால்தான் என் மரம் அவர் கண் முன்னால் விழுந்தது. ஞானமுத்து எனக்காகப் பார்த்து வைத்திருந்த அயனி, ஒரு கொப்புகூட இல்லாமல் ஒரே வீச்சாக மேலே போய், கூரையைத் தாண்டின பிறகுதான் கிளை விரித்திருந்தது. அண்ணாந்து பார்த்தபோது என் தலைப்பாகை கழன்று பின்னால் விழுந்தது. நான் பலகையாக மட்டுமே பார்த்துப் பழகிய ஒன்று, உயிரோடு, இத்தனை உயரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. இதை யாரோ ஒருவர் வெட்டாமல் விட்டுப்போயிருக்கிறார். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்காகத்தான் விட்டுப்போயிருக்கிறார்.

வெட்டுகிறவர்களில் ஒருவர் கயிறு போட்டு உச்சிக்கு ஏறி, கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக் கயிற்றில் இறக்கினார். பிறகு இரண்டு இளமரங்களுக்கு நடுவே எங்கள் ஊர் ஒழுங்கைச் சந்து அகலத்துக்கு இருந்த இடைவெளியைப் பார்த்து, அந்தப் பக்கமாக அடியில் வாய் வெட்டினார்கள். எதிர்ப்புறம் கோடாலி மாறி மாறி இறங்கியது. ஒரு கட்டத்தில் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். மரம் நின்றது. பிறகு ஒரு நீண்ட முனகல்; கப்பல் கரையிலிருந்து முதல் முறை கடலுக்குள் இறங்கும்போது கேட்குமே, அதே முனகல். அந்தப் பெரிய உடம்பு சாய்ந்து, இரண்டு இளமரங்களுக்கும் நடுவில், தன் இடத்தைத் தெரிந்து படுப்பதுபோல் படுத்தது. தரை என் காலின் கீழ் துள்ளி அடங்கியது.

தூசியும் இலையும் இறங்கிய பின் மேலிருந்து ஒரு வெளிச்சம் விழுந்தது, ஒரு சாளரம் திறந்ததுபோல். அதில் கூரை பிரியவில்லை. ஒரு ஓடு மட்டும் இல்லை. கீழே முழங்கால் உயரத்தில் நின்ற அயனிக்கன்றுகள் மேல் அந்த வெயில் பட்டது. "இதுக்கு வயசு கூடிட்டே இருந்து, உயரம் கூடல்ல," என்றார் ஞானமுத்து. "இனி பாரும்." அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. வருஷாவருஷம் பார்க்கிறவருக்கே அப்படி.

யானை வந்து, ஒரே தடத்தில் மரத்தை இழுத்துப் போயிற்று. நான் வெட்டு வாயில் விரலை ஓடவிட்டேன். வளையங்கள் பட்டு நூல்போல நெருங்கியிருந்தன. தேடித் தேடிப் பார்த்தேன், கணு இல்லை. கண் கலங்கியதை மச்சானிடம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞானமுத்துவின் வீட்டில் அவர் மனைவி எஸ்தர், எல்லோருக்கும் சோறும் வறுத்த அயனிக்கொட்டையும் போட்டார். பொன்னையன் வெகுநேரம் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

"கண்டேன். கொள்ளாம்," என்றார் கடைசியில். "ஆனா நான் வாக்கு குடுத்தாச்சே. வாக்கு மாத்துகவன் எங்க குடும்பத்துல இல்ல."

ஞானமுத்து வாயைத் திறந்தார். "நீங்க கொஞ்சம் மிண்டாம இருந்தா பாதிக் காடு பொழைக்கும்," என்று எஸ்தர் அவர் இலையில் இன்னொரு அகப்பைச் சோற்றைத் தள்ளினார்.

தாயம்மை கையைக் கழுவிவிட்டு வந்து அண்ணன் எதிரில் நின்றாள். "நீ குடுத்தது உனக்க வாக்கு. எங்கிட்ட ஆரும் கேக்கல்லியே."

"என்ன பிள்ளே பறயுக? நமக்குள்ள பங்கா?"

"பங்குதான். எனக்குள்ளத அளந்து தா. மேல் பாதி எனக்குப் போரும்."

பொன்னையனின் முகம் இருண்டது. அவர்கள் பிரிந்து பேசியதே இல்லை என்று பிறகு அறிந்தேன். ஆனால் மேல் பாதி என்றதும் அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். மேல் பாதி செங்குத்து, ரப்பருக்கு ஆகாது. "அந்தப் பாறக்கூட்டத்த வச்சு என்ன செய்வே?"

"ஊத்துவெள்ளம் மேலயிருந்துதான வருகு," என்றாள் அவள்.

மறுநாள் சரிவின் நடுவில், இரண்டு ஓரத்துக்கும் குறுக்கே, கழிகளை ஊன்றிக் கயிறு கட்டிப் பங்கு பிரித்தார்கள். அண்ணன் ஒரு முனை, தங்கை ஒரு முனை. அந்தச் சரிவு, ஞானமுத்துவின் காடு அளவுக்கே அடர்ந்தது. அதன் நடுவில் அந்தக் கயிறு ஒரு வெட்டுக்காயம்போலக் கிடந்தது.

திங்கட்கிழமை நான் கொளச்சல் துறைக்குப் போய் மரத்தை ஏற்றும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். போகவில்லை. ஞானமுத்துவுடன் மலைக்கு ஏறினேன். காண்ட்ராக்டரின் மேஸ்திரி ஆட்களோடு வந்திருந்தான். அவர்கள் கயிற்றிலிருந்து கீழ்நோக்கி வேலையைத் தொடங்க, முதலில் கைவைத்தது கயிற்றை ஒட்டி நின்ற ஒரு பெரிய தம்பக மரத்தில். கோடாலிக்காரன் எச்சிலைத் துப்பிக் கையைத் தேய்த்தான்.

"அது வேண்டாம்," என்றார் பொன்னையன்.

மேஸ்திரி திரும்பினான். "கயித்துக்கு இந்தப் பக்கம்தான நிக்கு?"

"எனக்க தங்கச்சிக்க மரமாக்கும் அது." போய்க் கழியைப் பிடுங்கி, தம்பகத்தைச் சுற்றிக் கீழே கொண்டுபோய் நட்டார். மறுமுனையில் தாயம்மை தன் கழியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

பொன்னையன் ஞானமுத்துவைப் பார்த்தார். "ரேஞ்சரே, இது ஒத்தையா நிக்குமா?"

"நிக்காது." அந்த ஒரு சொல்லோடு ஞானமுத்து நிறுத்திக்கொண்டது எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு, "பக்கத்துல சேக்காளி இல்லேன்னா மொதக் காத்துலயே சாயும்," என்றார்.

பொன்னையன் கீழே நின்ற மருதி மரத்தைப் பார்த்தார், வேங்கை மரத்தைப் பார்த்தார். மறுபடி கழியைப் பிடுங்கினார். கயிறு இன்னும் இறங்கியது. இப்போது அந்த வேங்கை ஓரத்து மரமாகிவிட்டது. அதற்கும் சேக்காளி வேண்டும். கயிறு மறுபடி இறங்கியது. அண்ணன் ஒரு முனையில், தங்கை ஒரு முனையில், மீன்வலை இழுக்கிறவர்கள்போல அவர்கள் சரிவில் இறங்கிக்கொண்டே போனார்கள். கயிற்றுக்கு முன்னால் கோடாலிக்காரர்கள் பின்வாங்கிக்கொண்டே போனார்கள். மேஸ்திரி கத்தினான், வாக்கு என்றான், காண்ட்ராக்டர் என்றான். "எனக்க வாக்கு எனக்க பங்குக்குத்தான்லே. மிச்சம் கெடக்கத வெட்டு," என்றார் பொன்னையன். அத்தனை பெரிய ஆள், ஒரு கழியை நடுவதும் பிடுங்குவதுமாக, தன் சொத்தைத் தானே தின்றுகொண்டு இறங்கினார். முகத்தில் வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை.

ஒரு ஓடையருகில் கயிறு நின்றது. "இதுக்கு மேல எறங்க முடியாது, பிள்ளே," என்றார். தாயம்மை தலையை ஆட்டி, தன் கழியை அங்கே ஊன்றினாள்.

ஓடைக்குக் கீழே கோடாலிகள் தொடங்கின. அங்கே யாரும் உச்சிக்கு ஏறவில்லை, கயிறு போடவில்லை. விழுந்த மரம் நின்ற மரத்தை இழுத்துக்கொண்டு விழுந்தது. ஒவ்வொரு விழுகைக்கும் எங்கள் தலைக்கு மேலே நின்ற காடு நடுங்கி, இலைகளை எங்கள் மேல் உதிர்த்தது. மதியம் சாய்ந்தபோது கீழே ஒரு பெரிய துண்டு விழுந்த மரங்களும் கிளறிய செம்மண்ணுமாக, கண் கூசும் வெயிலில் கிடந்தது.

பொன்னையன் எழுந்து ஓடையைத் தாண்டிப் போய் அந்த வெயிலில் நின்றார். நானும் போனேன். மரங்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரு வாசல். அதன் வழியாகத் தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் அப்பால், வெகுதூரத்தில், தகரத்தைத் தீட்டியதுபோல ஒரு கோடு மின்னியது.

"அது என்னது?" என்றார்.

"கடல்," என்றேன். ஊரை விட்டு வந்ததிலிருந்து அதைப் பார்க்க ஏங்கியவன் நான். ஆனால் அந்த இடத்தில் அதைக் காணாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

"எனக்க அப்பன் இங்க நிண்ணு கடலக் கண்டதில்ல," என்றார் பொன்னையன். வெயில் அவர் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. நகராமல் நின்றார்.

மேலே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், நிழலுக்குள்ளிருந்து தாயம்மையின் குரல் வந்தது.

"அங்க நிக்காத அண்ணா. இஞ்ச வா. இஞ்ச நிண்ணா அது தெரியாது."

அவர் திரும்பி, ஓடையைக் கடந்து, குனிந்து, கயிற்றின் கீழே நுழைந்து போனார்.